உங்களுக்குக் கோபமில்லையே?

கோவிட் அடங்கி, வீட்டிலிருந்து வேலை செய்தவர்களை எல்லாம் திரும்பவும் அலுவலகத்துக்குக் கூப்பிட்ட காலம் அது. ரொறன்ரோவுக்கு வடக்கே, மார்க்கமில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் எனக்கு வேலை. வர மனமில்லாமல் வந்தவர்களைக் குஷிப்படுத்த நிர்வாகம் இலவசக் கோப்பி கொடுத்தது, பீட்சா கொடுத்தது. எங்கள் மேனேஜர் தன் பங்குக்குப் பழைய வழக்கம் ஒன்றைத் திரும்பத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையின் பெரிய டிவியில் ஜப்பான் வீடியோக்கள் போடுவார்.

மனுசன் கெட்டவர் இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்ல வருவது விளங்காது. கலகலப்பான வெள்ளைக்காரர். டோக்கியோவுக்குப் போய் வந்ததில் இருந்து ஜப்பான் பைத்தியம். மேசை முழுக்கப் பொம்மைகள். ஆந்தைகளோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிற கடை, தவளை உடுப்புப் போட்ட ஆம்பிளைகள் எண்ணெய் பூசிய படியில் ஏறி விழுகிற போட்டி என்று எங்கிருந்தோ தேடி எடுத்து வருவார். இதெல்லாம் ஜப்பானில் மட்டும்தான் நடக்கும் என்பார். எல்லோரும் சிரிப்போம். எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்தது.

எங்கள் பிரிவில் ஒரு ஜப்பான் பெண்மணி இருந்தார். என்னைவிட மூத்தவர், கலியாணம் முடித்து இங்கே வந்தவர். எனக்குப் பக்கத்து மேசை. மத்தியானத்தில் என் புட்டில் கொஞ்சம் அவருக்குப் போகும், அவருடைய சோற்று உருண்டையில் ஒன்று எனக்கு வரும். ஒவ்வொரு வீடியோவும் முடிந்ததும் மேனேஜர் அவர் பக்கம் திரும்பி, “உங்களுக்குக் கோபமில்லையே?” என்று கேட்பார். அவர் வாயைக் கையால் பொத்திச் சிரித்தபடி, “இல்லை, இல்லை, நல்ல பகிடி” என்பார். பிறகென்ன, அடுத்த வீடியோ ஓடும்.

அவருக்குக் கார் ஓட்ட வராது. பின்னேரத்தில் நான்தான் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை, மீன் தலையும் மனுசக் காலும் உள்ள பெரிய பொம்மை ஒன்று தெருவில் ஆடுகிற வீடியோவைப் போட்டிருந்தார்கள். அன்றைக்குக் காரில் வரும்போது அவர் தானாகவே சொன்னார். அது அவருடைய ஊரின் பொம்மையாம். அங்கே ஊருக்கு ஊர் அடையாளமாக, உள்ளே ஆள் நின்று ஆட்டுகிற இப்படி ஒன்று இருக்குமாம். நிலநடுக்கத்தில் வீடுகள் விழுந்து சனம் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்துக் கிடந்தபோது, அந்த மீன் தலை ஒவ்வொரு நாளும் வந்து பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் போனதாம். அவருடைய தங்கையின் மகள் அதற்குப் பிறகுதான் திரும்ப வாய் திறந்து கதைத்தாளாம்.

பள்ளிக்கூட மண்டபத்தில் சனம் படுத்துக் கிடப்பது என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இதை ஏன் மேனேஜரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவர் அன்பாகத்தானே கேட்கிறார்” என்றார். சிக்னல் பச்சை விழுந்தது, காரை எடுத்தேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். இன்றைக்கு ஜப்பானுக்கு லீவு, உங்கள் ஆட்களுடைய ஒன்று கிடைத்திருக்கிறது என்றார். டிவியில் ஒரு மண்டபம் வந்தது. புகை மெஷின் புகையைக் கக்குகிறது. புகைக்குள் இருந்து ஒரு பல்லக்கு வருகிறது. பல்லக்கைத் தூக்குவது என் தம்பிமார். உள்ளே தலை நிறையப் பூவோடு என் மகள்.

எங்கள் ஆட்கள் இங்கே சாமத்திய வீடு செய்கிற விதம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பெரிசானதற்கு ஊரில் வீட்டோடு செய்த சடங்கை இங்கே ஸ்காபரோ மண்டபத்தில் கலியாணத்தைவிடப் பெரிதாகச் செய்கிறோம். நாங்களும் விடவில்லை. முடிந்த பிறகு வீடியோ எடுத்த பெடியன், “அன்ரி, சின்ன டிரெய்லர் ஒண்டு எங்கட பேஜில போடட்டோ?” என்று கேட்டான். “ஓம் தம்பி, போடுங்கோ” என்றேன். நாலு பேர் பார்த்துப் பெருமைப்படட்டும் என்றுதான். அந்த டிரெய்லரை எவனோ எடுத்து, உலகத்தின் விசித்திரமான பார்ட்டிகள் என்று தலைப்புப் போட்டு, பகிடிக் குரல் வேறு சேர்த்திருந்தான். பிள்ளைக்கு என்ன நடந்ததற்கு இந்தப் பார்ட்டி என்று அந்தக் குரல் விபரமாகச் சொன்னது. நான் கண் கலங்கியபடி மகளின் தலையில் பாலில் தோய்த்த அறுகம்புல் வைக்கிற இடத்தில் வாத்துக் கத்துகிற சத்தம் போட்டிருந்தான்.

அறை சிரித்தது. அந்தக் கொண்டையிலும் நகையிலும் மேக்கப்பிலும் என்னை எனக்கே மட்டுக்கட்ட முடியாது, அவர்களுக்கு எப்படித் தெரியும்? நிறுத்துங்கள், அது என்னுடைய மகள் என்றேன்.

மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. உடனே நிறுத்தினார், மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அவருக்கு விட மனம் வரவில்லை. அது எவ்வளவு அழகான சடங்கு, நாங்கள் உங்களைப் பார்த்தா சிரிக்கிறோம், ரசித்தல்லவா சிரிக்கிறோம் என்றார். ஜப்பான் வீடியோக்களும் அப்படித்தானே என்று சொல்லி அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லையே?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அந்த மீன் தலையைப் பற்றி ஒரு வசனம் சொன்னால் போதும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார். பிறகு கை வாய்க்குப் போனது.

“ஒருநாளும் இல்லை. எல்லாம் நல்ல பகிடிதான்.”

அறைக்கு மூச்சு வந்தது. மேனேஜர் என்னைப் பார்த்து மெல்லத் தோளைக் குலுக்கினார். சாட்சி சொல்லி முடிந்துவிட்டது, வழக்கில் நான் தோற்றுவிட்டேன். புட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் அவர் வழக்கம்போலக் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன், ஆனால் வெளியே பனி கொட்டியது. கதவைத் திறந்துவிட்டேன். நிலையம் வந்தது. இறங்குவதற்கு முன் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

“இத்தனை வருடமும் இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு ஓம் என்று சொன்னால், இத்தனை வருடமும் நான் சிரித்தது என்ன?”

எனக்கு அவர்மேல் அப்போதும் கோபம்தான். திங்கட்கிழமையில் இருந்து அவர் பஸ்ஸில் போகத் தொடங்கினார். சோற்று உருண்டையும் நின்றது, வெள்ளிக்கிழமை வீடியோவும் நின்றது. வீடியோ நின்றது என்னால்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் சாப்பாட்டு அறைக்குள் போனால் கதை நின்றுவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொல்லி அழுதேன். “அதை விட்டிடும். உவங்கள் எல்லாத்துக்கும் சிரிப்பாங்கள்” என்றார். வீடியோப் பெடியனுக்குப் போன் பண்ணினேன். “நான் எங்கட பேஜில இருந்து எடுக்கிறன் அன்ரி. மற்றவன் எடுத்துப் போட்டதை நான் என்ன செய்யிறது?” என்றான். அவன் சொன்னதிலும் பிழையில்லை.

எனக்கிருந்த பயம் எல்லாம் மகளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான். ஆனாலும் வேறு யாரும் சொல்லித் தெரியவருவதைவிட நானே சொல்வது நல்லது என்று அவளுடைய அறைக்குப் போனேன். ஜப்பான் கார்ட்டூன்களில் வருவதுபோலப் பெரிய கண் வைத்து ஒரு பெண்ணை வரைந்துகொண்டிருந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“அம்மா, தட்ஸ் ஓல்ட். லாஸ்ட் இயரே ஸ்கூல்ல எல்லாரும் பாத்திட்டினம்.”

“நீ அவையளிட்ட என்ன சொன்னனி?”

“ஐ டோன்ட் மைண்ட் எண்டு சொன்னன். இட்ஸ் ஃபன்னி அம்மா.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் தகப்பனைப் போல, பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிற பிள்ளை. அன்றைக்குப் பென்சில் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு யாராவது சிரித்த முகத்தோடு “உங்களுக்குக் கோபமில்லையே?” என்று கேட்டால், “ஓம், கோபம்தான்” என்று முதல் தரத்திலேயே சொல்லிவிடுகிறேன், அதை என் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் நான் பிந்திவிட்டேன்.