ரெகுலேட்டர் இல்லாத ஜெனரேட்டரும் ராகுகாலமும்

மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பு. புயல் மழையில் ஞாயிற்றுக்கிழமை மதியமே கரண்ட் போய்விட்டது. பழைய ஜெனரேட்டர் ஓடியது, வோல்டேஜ்தான் வரவில்லை. வோல்டேஜைத் தானாகவே சீராக வைக்கும் ரெகுலேட்டர் எரிந்திருந்தது, கடைகளோ மூடிக்கிடந்தன. இரண்டாம் மாடி கோமதி மாமியின் கணவருக்கோ ஆக்சிஜன் மெஷின் ஓடியாக வேண்டும்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் சொல்லித்தருபவள், நான் சும்மா இருப்பேனா? என் கார் பேட்டரியிலிருந்து, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் வழியாக, ஜெனரேட்டரின் காந்தச் சுருளுக்கு நேராக இணைப்புக் கொடுத்தேன். குமிழைத் திருகத் திருக மீட்டர் 230-ஐத் தொட்டது! வீட்டுக்கு வீடு வெளிச்சம், கைதட்டல்!

"மாமி, மெஷினைப் போடுங்க!" என்று கீழிருந்தே கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்ப, ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை யாரோ நிறுத்திவிட்டார்கள். லோடு குறைந்ததும் வோல்டேஜ் எகிறியது. பல்புகள் பளீரென்று எரிந்து படபடவென்று வெடித்தன. பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மாமி பிளக்கும் கையுமாக நின்றிருந்தார்.

"இன்னும் போடலைம்மா. ஆக்சிஜன் சிலிண்டர்ல இன்னும் கொஞ்சம் இருக்கோன்னோ, ராகுகாலம் முடியட்டும்னு காத்துண்டிருக்கேன்."

எனக்கு உயிர் வந்தது!

மோட்டாரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி மறுபடி ஓட்டினேன். ராகுகாலம் முடிந்ததும் மாமி மெஷினைப் போட்டார். கரண்ட் வரும்வரை குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

இப்போது புது ரெகுலேட்டர் மாட்டியாகிவிட்டது. மாதாமாதம் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதிக்கிறேன், அதுவும் ராகுகாலத்தில்தான். அப்போது மாமி எந்த பிளக்கையும் செருகமாட்டார்!