இருபது மதிப்பெண்ணுக்கு நாலு வரி

ராணுவத்தில் நான் பார்த்த வேலை வயர்லெஸ். பதினேழு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வேலையில் முதலில் சொல்லிக்கொடுப்பது சுருக்கம். ஒரு வார்த்தையில் முடிகிற சேதியை இரண்டு வார்த்தையில் சொன்னால் பேட்டரி வீண், நேரம் வீண், எதிரியின் காதில் விழவும் வாய்ப்பு. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன். நாளடைவில் என் பேச்சும் அப்படியே ஆகிப்போனது. வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் அதே ரகம்தான். ‘நலம். பணம் அனுப்பியுள்ளேன். மார்ச்சில் விடுமுறை.’ வேறு என்ன எழுதுவது என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது.

தொண்ணூற்றேழில் ஓய்வு பெற்று, கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்கிற பகுதியிலிருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியபோது எனக்கு முப்பத்தாறு வயது. தலையில் ஒரு நரை கிடையாது. ரிட்டயர்டு என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. மிளகும் மரவள்ளியும் விளைகிற நிலம் கொஞ்சம் இருந்தது, பென்ஷனும் வந்தது. ஆனால் இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், அது பற்றாது. முன்னாள் ராணுவத்தான் என்றால் ஊர் உலகத்துக்கு ஒரே ஒரு வேலைதான் நினைவுக்கு வரும்: வாட்ச்மேன். என்னோடு படையில் இருந்த நண்பர் ஒருவர் சேலத்துப் பக்கம் ஒரு நூல் மில்லில் காவலுக்குச் சேர்ந்திருந்தார். எப்போது வந்தாலும் எனக்கு அங்கே இடம் உண்டு, தங்க அறை உண்டு, மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வரலாம் என்று சொல்லி அனுப்பினார்.

என் மனைவி அதைக் கேட்டுவிட்டுச் சோற்றுப் பானையை இறக்கினாள். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “பதினேழு வருசம் சர்க்காருக்குக் குடுத்தாச்சுங்க. மிச்சத்த மில்லுக்காரனுக்கா குடுக்கோணும்?”

எனக்கும் போக மனம் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் விடுமுறைகளில்தான். என் சின்ன மகள் அப்போதும் என்னை விருந்தாளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள். ஒரு தகப்பனுக்கு இதைவிட மோசமான மரியாதை வேறு இல்லை.

எங்கள் மலையிலேயே விடுதியோடு ஒரு தனியார் பள்ளி நடந்துகொண்டிருந்தது. அங்கே விடுதிக் காப்பாளர் இரண்டு மூன்று வருடத்தில் ஓய்வு பெறப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். தாளாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி காபி கொடுத்தார்.

“மிலிட்டரிக்காரர்னா எனக்குச் சந்தோசமுங்க. ஆனா டிகிரி வேணும். நீங்க பத்தாவதுதானே?”

“ஆமாங்க.”

“படிச்சிக்கிட்டே வேலை பாக்கலாம். அவரு போறதுக்குள்ள முதல் வருசப் பேப்பர் அத்தனையும் பாஸ் பண்ணிட்டு வாங்க, தற்காலிகமா எடுத்துக்கறேன். டிகிரி முடிச்சதும் நிரந்தரம்.”

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்தப் பள்ளி. இது கிடைத்தால் இங்கே, கிடைக்காவிட்டால் மில். எங்கள் வீட்டில் இருந்த கணக்கு இவ்வளவுதான்.

முப்பத்தாறு வயதுக்காரனை எந்தக் கல்லூரி சேர்க்கும் என்று மலைத்துப்போய்த்தான் நாமக்கல்லில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது பார்ப்பதில்லை. பிளஸ் டூ இல்லாதவர்கள் முதலில் ஓர் ஆயத்தத் தேர்வு எழுதினால் போதும். கட்டணத்தில் எங்களைப் போன்றவர்களுக்குச் சலுகை உண்டு. புத்தகம் தபாலில் வரும், வகுப்பு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். கடைசியில் எனக்கு ஆன செலவு, எங்கள் மரங்களில் ஏறிய மிளகை விற்ற பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. படிப்பு என்பது பணக்காரர் சமாச்சாரம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயத்தத் தேர்வை ஊதித் தள்ளினேன். சரியான விடைக்கு டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கென்றே வைத்த தேர்வுபோல இருந்தது. வெளியே வந்து மார்பை நிமிர்த்தி நின்றேன். அடுத்து பி.ஏ. வரலாறு எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நாமக்கல்லில் ஒரு கல்லூரியில். காலை முதல் பஸ்ஸில் மலை இறங்குவேன். போகிற வழியில் படித்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை புத்தகத்தைத் திறந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவில் பானிப்பட்டுப் போர் என் குடலில் நடந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தான் முகர்ந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டி, “புஸ்தகத்த மூடி வைங்க சாமி” என்றார். அதற்குப் பிறகு பஸ்ஸில் படிக்கவில்லை.

வகுப்பில் எல்லோரும் என் ஜாதிதான், அதாவது வயதான மாணவர்கள். ஒரு பஸ் கண்டக்டர், ஒரு நர்ஸ், பேரன் எடுத்த ஓர் அம்மாள், டியூட்டி முடித்து சீருடையோடு வந்து முதல் பெஞ்சிலேயே தூங்கும் ஒரு போலீஸ்காரர். பாடம் எடுத்த விரிவுரையாளருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. அவர் உள்ளே நுழைந்ததும் நான் பழக்கதோஷத்தில் விறைப்பாக எழுந்து நிற்பேன். பாவம், அவர் பதறிப்போய், “சார், உக்காருங்க சார்” என்பார். கண்டக்டர் ரைட் ரைட் என்று குரல் கொடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

முதல் வருடத் தேர்வில் ஐந்தில் மூன்று பேப்பர் போய்விட்டது. தபாலில் வந்த மதிப்பெண்களைப் பார்த்ததும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, கோபம். கேட்டதற்கெல்லாம் சரியாக விடை எழுதியிருந்தேன். யாரோ திருத்தத் தெரியாதவன் திருத்தியிருக்கிறான் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை விரிவுரையாளரிடமே சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை நீட்டி, “மொகலாயப் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்களை விவரிக்க. இருபது மார்க். எழுதுங்க சார்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ‘வாரிசுச் சண்டை. காலி கஜானா. தக்காணத்தில் நீண்ட போர். கட்டுக்கடங்காத பெரிய நிலப்பரப்பு.’

அவர் பார்த்தார், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “எல்லாம் சரிதான் சார். இருபது மார்க்குக்கு நாலு வரி எழுதுனா நாலு மார்க்தான் போடுவாங்க.”

“சரியா இருந்தா முழு மார்க் போட வேண்டியதுதானுங்களே?”

“அவங்க தந்தி கேக்கல சார். நாலு பக்கம் கேக்கறாங்க.”

ஊருக்கு வந்து மனைவியிடம் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“இதுக்கு வாத்தியார் வேணுமாக்கும். எனக்கு எப்பவோ தெரியுமே. போஸ்ட்மேன் அத்தனை தூரம் நடந்து வந்து லெட்டரக் குடுப்பாரு. பிரிக்கறதுக்குள்ள முடிஞ்சு போயிரும்.”

சிரித்து முடித்துவிட்டு, “தெனமும் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும் சொல்லோணும்” என்றாள். அவளுக்கு வரலாறு தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டு மாடு பள்ளத்தில் விழுந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், அந்த மாட்டின் தாயை வாங்கிய சந்தையிலிருந்து தொடங்குவாள்.

தை மாதம், மிளகு பறிக்கிற பருவம். நான் சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி மேலே நின்று அதில் படர்ந்த மிளகுக் கொடியிலிருந்து பறிப்பேன், அவள் கீழே சிதறுவதைப் பொறுக்குவாள். அங்கேதான் எங்கள் வகுப்பு. நான் ஒரு காரணத்தைச் சொல்வேன். கீழிருந்து “ஏனுங்க?” என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் “அப்பறம்?” என்று வரும். இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு அவள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூன்றாவது ‘ஏனுங்க’வுக்குள் எனக்குச் சரக்கு தீர்ந்துவிடும். இறங்கிப் போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவேன். மிலிட்டரிக்காரருக்கு மரம் ஏறினால் சாமி வருகிறது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் தக்காணப் போருக்கு வந்திருந்தேன். “பாதுஷா வருசக்கணக்கா அங்கேயே படையோட கெடந்தாரு. படை சோர்ந்து போச்சு” என்றேன்.

“சோர்ந்து போச்சுன்னா? எப்புடிச் சோருமுங்க?”

பறித்த கொத்தை இடுப்புப் பையில் போட்டேன். அது எனக்குத் தெரியும். புத்தகம் இல்லாமலே தெரியும். சொல்ல ஆரம்பித்தேன். ஈரம் காயாத பூட்ஸைக் காலையில் மறுபடி மாட்டுவது. எதற்காக இந்தக் குன்றில் நிற்கிறோம் என்பது, போகப் போக நமக்கே மறந்துபோவது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடக் கவனிக்காமல் விழுங்குவது. குழந்தை நடக்கிறது என்று கடிதம் வரும். சந்தோஷமாகப் படிப்போம். பிறகு அது எந்தத் தேதியில் எழுதியது என்று பார்ப்போம். அதற்குள் அந்தக் குழந்தை ஓடவே ஆரம்பித்திருக்கும். அப்படி இருக்கும்போது ஒருவன் ராஜாவுக்காக எவ்வளவு நாள் சண்டை போடுவான்?

கீழே எட்டிப் பார்த்தேன். அவள் பொறுக்குவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது மொகலாயப் படைங்களா, நீங்களா?”

“நான்தான்.”

“இத ஏன் அப்பவே எழுதல?”

“நீ கேக்கலயே புள்ள.”

“என்ன இருக்குதுன்னே தெரியாம எதக் கேக்கறது?”

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். அன்று பாதி மரத்தில் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அதன் பிறகு பாடம் ஒருபக்கம் நடந்தது, என் பதினேழு வருடமும் துண்டு துண்டாக வெளியே வந்தது. பேசப் பேச எனக்கு உடம்பு லேசானது. இவ்வளவு பேச்சு எனக்குள் இருந்தது எனக்கே ஆச்சரியம்தான். சின்ன மகள் இப்போது என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பதில்லை. ஏணிக்குக் கீழே வந்து உட்கார்ந்து கதை கேட்டாள்.

விரிவுரையாளரிடம் ஒரு விடையை எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, “பூட்ஸ் எல்லாம் வேண்டாம் சார். ஆனா இதே மாதிரி எழுதுங்க” என்றார்.

ஜூன் மாதம் அந்த மூன்று பேப்பரையும் மறுபடி எழுதினேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழிருந்து ‘ஏனுங்க’ என்று காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தாள் தீர்ந்து, கையை உயர்த்தி, கூடுதல் தாள் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கூடுதலாகக் கேட்டு வாங்கி எழுதியது அன்றைக்குத்தான். மேற்பார்வையாளர் கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஆனாலும் பயம் போகவில்லை. விடுதிக் காப்பாளர் அந்த ஆவணியோடு ஓய்வு பெறுகிறார். இந்த முறையும் தவறினால் தாளாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். மில் நண்பரும் வருகிறாயா இல்லையா என்று கேட்டு அனுப்பிவிட்டார். பெரிய மகள் அடுத்த வருடம் மேல்படிப்புக்கு மலையிறங்கிப் போக வேண்டும். என் டிரங்குப் பெட்டியை மனைவி வெயிலில் காயவைத்திருந்தாள். மில்லுக்குப் போவதென்றால் அதுதான் கூட வர வேண்டும்.

முடிவு வந்துவிட்டது என்று தெரிந்து ஆடிக் கடைசியில் நாமக்கல் போனேன். மையத்தின் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன், நர்ஸ் அம்மாளையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்றிலும் தேறியிருந்தேன். கண்டக்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது, அவள் வாசலில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். அரிவாளை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“பாஸ்” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. பக்கத்தில் இருந்த கூடையை நகர்த்திவிட்டு, “உக்காருங்க. காலைல பஸ் ஏறுனதுல இருந்து சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். பஸ்ஸில் இடம் கிடைக்காததிலிருந்து, பலகைக்கு முன்னால் முண்டியடித்த கூட்டம், நர்ஸ் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிய நேரம், கண்டக்டர் வாங்கிக் கொடுத்த டீ வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். இடையிடையே அவள் ‘ஏனுங்க’வும் ‘அப்பறமு’ம் வந்துகொண்டேதான் இருந்தன. எல்லாம் முடிந்ததும் கிழங்கைக் கையில் எடுத்தாள். எடுத்ததைச் சீவாமல் கேட்டாள்.

“அப்ப மில்லுக்குப் போகலீங்களா?”

“இல்ல.”

அந்த ஒரு பதிலை மட்டும் அவள் நீட்டச் சொல்லவில்லை.