தொட்டி மூடி

கோரமண்டல் என்கிற எங்கள் ஊரிலிருந்து பெங்களூருவுக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவன் நான். போன மாதம் அங்கே ஒரு கடையில் விசிறி போன்ற துடுப்புள்ள லயன் ஃபிஷ் என்ற மீனின் அழகில் மயங்கி, வீட்டுக் கடல்மீன் தொட்டிக்கு வாங்கி வந்தேன். அது எதைத் தின்னும் என்று கேட்கவே இல்லை.

மறுநாள் என் மகள் ஆசையாய் வளர்த்த கோமாளி மீனைக் காணோம். "மூடிய தொறந்து வச்சிட்ட, வெளிய குதிச்சிடுச்சு!" என்று அவளைத் திட்டித் தீர்த்தேன்.

"மூடித்தான் வச்சேன்பா" என்று அழுதுகொண்டே சோபாவுக்கு அடியில் தேடினாள்.

அப்போதுதான் மனைவி கேட்டாள்: "இன்னாங்க, புது மீனோட வயிறு இப்படி உப்பியிருக்குது?"

மகளைக் கூப்பிட்டு, தேட வேண்டாம் என்றேன். லயன் ஃபிஷ்ஷைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் எந்த மீனை வாங்கினாலும், அதன் வாய்க்குள் எது போகும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மகளிடம் மன்னிப்பும் கேட்டேன். ஆனாலும் பள்ளிக்குக் கிளம்பும்போது, அவள் இன்னமும் தொட்டி மூடியை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.