எடுக்கக் கூடாத போன்

சென்னையில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால், செல்போனில் போகும் செய்திகளுக்குப் பூட்டுப் போடுகிற வேலை என்பேன். சாவி அனுப்புகிறவரிடமும் வாங்குகிறவரிடமும் மட்டும்தான் இருக்கும், நடுவில் இருக்கிற என்னாலேயே படிக்க முடியாது என்று பெருமையாகச் சேர்த்துக்கொள்வேன். படிக்கத் தெரியாததற்குச் சம்பளமா என்று அக்கா ஒருமுறை கேட்டாள். இந்தத் துறையில் நான் செய்த முதல் சாதனைக்கு அவள்தான் சாட்சி. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. வீடு மணமேல்குடியில், அத்தா, அதாவது அப்பா, சவுதியில். எங்கள் தெருவில் டெலிபோன் எடுத்துப் பேசுகிற சாமான் அல்ல, அடிப்பதைக் கேட்கிற சாமான். எடுத்தால் அங்கே அத்தாவுக்குக் காசு போகும், எடுக்காவிட்டால் போகாது. ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. எங்கள் கணக்கில், ஒருமுறை அடித்து நின்றால் அத்தா நலம். இரண்டு முறை என்றால் ஊருக்கு வரும் யாரிடமோ சாமான் கொடுத்துவிட்டிருக்கிறார். மூன்று என்றால் அவசரம், அடுத்து அடிக்கும்போது எடுக்க வேண்டும். இது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும்.

பூனைக்கும் எனக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. சில சாயங்காலங்களில் மணி மூன்று முறையையும் தாண்டி, தானாக ஓயும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போன் பக்கத்தில் நிற்பாள். எடுக்க மாட்டாள். ஓய்ந்ததும் போய்விடுவாள். கேட்டால், சும்மா அடிக்குது என்பாள்.

அந்த வருஷம் நோன்பு மாதத்தில் மாமா ஒரு தடிமனான ஆங்கில நாவலோடு வந்திறங்கினார். அம்மாவின் தம்பி, புதுக்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவர். நாவலில் பாதி, உலகப் போரில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்தவர்களின் கதை. மீதி, இந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் ரகசியத்தை ஒளிக்கிறவர்களின் கதை. மாமா தினமும் கொஞ்சம் சொல்வார், நான் வாயைப் பிளந்து கேட்பேன். அதில் ஒரு உத்தி என்னை ஆட்டிவைத்தது. செய்திக்குள் கட்டாயம் இருந்தே தீரும் என்று ஒரு வார்த்தையை முதலில் ஊகித்துக்கொள்ள வேண்டுமாம். அதைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடுமாம்.

எங்கள் வீட்டிலேயே உடைபடாத செய்தி ஒன்று இருக்கிறதே. நோன்பு தொடங்கியதிலிருந்து நீள மணி அடிக்கடி வந்தது. நோன்பு மாதத்துச் செய்தியில் இருந்தே தீர வேண்டிய வார்த்தை எது? பெருநாள். பெருநாளைப் பற்றி அத்தா சொல்ல என்ன இருக்கிறது? வாரேன் என்பதைத் தவிர? முந்தின பெருநாளுக்கும் அவர் வரவில்லை. ஆக, அரை மணி நேரத்தில் உடைத்துவிட்டேன். போரிலிருந்தவர்கள் ஏன் அவ்வளவு நாள் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கண்டுபிடிப்பைத் தெரு முழுக்க அறிவித்தேன். டெய்லரிடம் போய், அத்தாவுக்கும் ஒரு சட்டை வெட்டி வையுங்கள், வந்ததும் அளவு கொடுப்பார் என்றேன். அளவில்லாமல் எப்படி வெட்டுவது என்று அவர் கேட்டதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு நாளில் சேதி தெருவைச் சுற்றிக்கொண்டு அம்மாவிடமே வந்தது. எதிர்வீட்டு மாமி குழாயடியில் கேட்டாள்:

“ஒங்க வீட்டுக்காரக வாராகளாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே நீ?”

அம்மா குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். லீவு இல்லை, வரவில்லை என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினாள். வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. நாவலிலும் உளவாளிகள் இப்படித்தான், பிடிபட்டால் ஒன்றுமில்லை என்றே சாதிப்பார்கள். அம்மா சந்தோஷத்தை மறைத்துவைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மெய்ப்பிக்க ஒரே வழிதான் இருந்தது.

மறுநாள் நோன்பு திறந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில் நீள மணி அடித்தது. அம்மா வந்து நிற்பதற்கும் நான் பாய்ந்து எடுப்பதற்கும் சரியாக இருந்தது.

 ஓடி வந்தவர் போல அத்தாவின் குரல்.

“யாரு? என்னாச்சு? அம்மா எங்க?”

“அம்மா இங்கிட்டுத்தான் நிக்குது. நீங்க பெருநாளைக்கு வாரீங்கல்லத்தா?”

“அம்மாவுக்கு ஒண்ணுமில்லயே? நெசமா?”

“ஒண்ணுமில்ல.”

“அப்பறம் ஏன்டா எடுத்த?”

நியாயமான கேள்வி. உலகத்தில் அடிக்கிற போனை எடுத்ததற்காக விசாரணைக்கு ஆளான பையன் நானாகத்தான் இருப்பேன். அடுத்து அவரே மெதுவாகச் சொன்னார்: “லீவு குடுக்கலப்பா.”

அம்மா ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள். அங்கே காசு ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் பேசவில்லை. கடைசியில் அம்மா “ம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அக்கா என் காதைத் திருகிய திருகலில் அன்று ராத்திரி முழுக்க எனக்கு வேறொரு மணி கேட்டுக்கொண்டிருந்தது.

மாமா அந்த நாவலைப் பாதியிலேயே விட்டுவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊகித்த வார்த்தை தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்பது மீதிப் பாதியில் இருந்திருக்கும்.

பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் மறுபடி நீள மணி. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். அம்மா போனின் மேல் உள்ளங்கையை வைத்தாள், அடிக்கும்போது அது லேசாக அதிரும். அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்து, கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா என்றாள்.

வாசல் தாண்டியும் மணி கேட்டது. உப்பு ஜாடி நிறைய இருந்ததைக் காலையில்தான் பார்த்திருந்தேன். எதிரிகள் உஷாராகிச் சாவியை மாற்றிவிட்டார்கள், இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே, தேவையில்லாத உப்புக்காக நடந்தேன்.