கொள்ளு காயப்போட்ட வளைவு

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தார் ரோடு என்றால் முதலில் களம், அப்புறம்தான் பாதை. அறுத்த கொள்ளுச் செடியை உத்திரமேரூர் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிடும். நாங்கள் அவ்வப்போது புரட்டிப் போட்டு, மாலையில் தூற்றி அள்ளினால் போதும். என்ன, எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கம் வண்டி வருவதே அபூர்வம். ஒரு பஸ் போனால் அடுத்ததற்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு சனிக்கிழமை தண்டோரா போட்டார்கள். நாளைக் காலையில் தேசிய கார் பந்தயம் இந்த வழியாகப் போகிறது, நாற்பது கார் வரும், ஆடு மாடு, குழந்தை குட்டி எதுவும் ரோட்டுக்கு வரக்கூடாது என்று. என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது நாற்பது கார் மட்டும்தான்.

"நாப்பது காரு வருதுமே! மொத்தக் கொள்ளும் ஒரே மூச்சுல உதுந்துடும்."

"வர்றவன் இன்னா, நம்ம கொள்ளு மிதிக்கவா வர்றான்?"

"ஆடு மாடுன்னுதான சொன்னான்? கொள்ளப் பத்தி இன்னா சொன்னான்?"

இந்த நியாயத்துக்கு நான் எங்கே போக? தான் கெட்டது போதாதென்று ஊரையும் கூட்டிக்கொண்டார். விடிவதற்குள் திருப்புலிவனத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் வளைவு முழுக்கச் செடி பரப்பியாகிவிட்டது. கொடி பிடிக்க வந்த ஆட்களோ கூட்டுரோட்டோடு நின்று டீ குடித்தார்கள். வளைவுவரை யாரும் வந்து பார்க்கவில்லை.

முதல் கார் வந்த வேகத்தில் எங்களுக்கு மூச்சே நின்றது. செடிமேல் ஏறியதும் சறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து நெல்வயல் சேற்றில் இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து இரண்டு பேர் முழுசாக வெளியே வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

எல்லோரும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தோம். ஓட்டியவரும் சேற்றில் இறங்கித் தள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வந்தவர்தான் கழுத்தில் கடிகாரம் ஆட ஆடக் கத்தினார்.

"தள்ளுங்க! இன்னிக்குக் கடைசிப் பந்தயம். பின்னாடி வர்றவனுக்கும் எங்களுக்கும்தான் போட்டி. அவன் வர்றதுக்குள்ள ஏத்திட்டா இந்த வருஷம் கோப்பை எங்களுது!"

செய்தது நாங்கள் அல்லவா? உயிரைக் கொடுத்துத் தள்ளினோம். பின்சக்கரம் வரப்பில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் தூரத்தில் அடுத்த காரின் சத்தம் கேட்டது. ஓட்டியவர் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"காரை விடுங்க. செடியை வாருங்க!"

"பைத்தியமாடா உனக்கு? இன்னும் ஒரே தள்ளு!"

"அவனும் இதே ஸ்பீடுலதான்டா வருவான். நாம சேத்துல விழுந்தோம். அவன் அந்தப் புளியமரத்துல போய் மோதினா?"

விட்டோம். கார் சேற்றுக்கே திரும்பிப் போயிற்று. ஆணும் பெண்ணுமாக ஓடி ஓடி வாரினோம். ஓட்டியவரும் எங்களோடு குனிந்து வாரினார். என் வீட்டுக்காரர் பேய் பிடித்தவர்போல இரண்டு கையாலும் ரோட்டை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசிக் கற்றையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினோம், அந்தக் கார் வந்தது. வேகம் கொஞ்சமும் குறையாமல் சுத்தமான ரோட்டில் வளைந்து போய்விட்டது.

வழி சொன்னவர் வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"பாவம் பண்ணிட்டேன் சார். ரெண்டு அடி அடிச்சுடுங்க சார்" என்று என் வீட்டுக்காரர் கைகூப்பினார். அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

ஓட்டியவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. நெஞ்சோடு அணைத்த கொள்ளுச் செடியுடன், கார் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இதை எங்க வைக்கட்டும்மா?"

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.