கயையில் விட்ட வெற்றிலை

வாய் மாறும் செய்தி வளரும். என் அக்காளின் கணவர் கயையில் ஓர் இலையை விட்டார் என்னும் செய்தி, தேரடி வீதியைக் கடப்பதற்குள், அவர் இல்லறத்தையே விட்டதாக வளர்ந்துவிட்டது. அக்காளுக்கு ஆறுதல் கூற இருவர் வந்தும் விட்டனர். ஆதலால் நான் கண்டதையும், அக்காளும் மாமாவும் என்னிடம் நேரில் சொன்னதையும் மட்டுமே எழுதுகிறேன்.

மாமா முப்பது ஆண்டுகளாக வெற்றிலையில் புகையிலை வைத்து மெல்பவர். அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றைக் கண்ட பல் மருத்துவர், புகையிலையை நிறுத்தாவிடில் அது புற்றாகக்கூடும் என்று எச்சரித்தார். அன்று முதல் அக்காளுக்கு உறக்கமில்லை. கயையில் முன்னோர் கடன் முடித்தவர்கள் ஒரு காயையும் ஒரு கனியையும் ஓர் இலையையும் ஆயுளுக்கும் விட்டுவிடுவது வழக்கம். அங்கே விட்டதை எங்கள் குடும்பத்தில் எவரும் மீண்டும் தொட்டதில்லை. அதை நம்பியே அக்காள் அவரை இரயிலேற்றித் தானும் உடன் சென்றாள்.

மாமா பாகற்காயை விட்டார். அதை அவர் ஒருநாளும் உண்டதில்லை. விளாம்பழத்தை விட்டார், அதுவும் அவ்வாறே. இலைக்கு வெற்றிலையை விட்டார். வெற்றிலை போனால் புகையிலையும் உடன் போகும் என்று அக்காள் மகிழ்ந்தாள்.

திரும்பிய மூன்றாம் நாள் நான் சென்றபோது, மாமா வெறும் புகையிலையைக் கசக்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?" என்றாள் அக்காள்.

"வெத்தலைய தொடலியே! நீயே சொல்லு மச்சான், நான் எதையாவது மீறினேனா?"

ஆராய்ந்து பார்த்தால், அவர் மீறவில்லை.

"வெத்தல இல்லாததால கொஞ்சம் ஜாஸ்தியா போட வேண்டியிருக்குது, அவ்ளோதான்" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

"அப்ப வெத்தலயாவது தொணைக்கு இருந்துது. இப்ப பொகயில தனியா உள்ள போவுது! உங்களையே அங்க உட்டுட்டு வந்திருக்கணும்."

"உட்டிருப்ப. திரும்பி வர்ற டிக்கெட்டு எங்கிட்ட இல்ல இருந்துது!"

அக்காள் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, கயாவுக்கு இன்னொரு வாட்டி ரெண்டு டிக்கெட்டு போடு. இந்தத் தடவ பொகயிலைய உடட்டும்."

"மறுபடியுமா? மேல் பர்த்துல ஏறி எறங்கி முட்டியே போச்சு!"

"போவட்டும். திட்டு முட்டியில இல்ல, வாயில இருக்குது."

மாமா எழுந்து சென்று துப்பி, வாய் கொப்பளித்துத் திரும்பினார். மடியிலிருந்த தகர டப்பாவை அவள் கையில் வைத்தார்.

"டிக்கெட்டு வேணாம்னு சொல்லு."

அக்காள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பதிவு செய்துவிட்டேன்.

அதன்பின் மாமா புகையிலை போட்டதை நான் பார்க்கவில்லை. அவரிடம் இரண்டாவது டப்பா உண்டா என்பது தெரியாது. மருத்துவர் இன்னும் பார்க்காததால், திட்டு குறைந்திருக்கிறதா என்பதும் தெரியாது.