நானே வாசித்த ஒப்படைப்பு

'ஒப்படைப்பைத் தமிழிலும் எழுதலாம்; திருத்த ஆள் ஏற்பாடு செய்வது மையத்தின் கடமை.' ஓய்வுபெற்ற பின் நான் சேர்ந்த அஞ்சல்வழி உளவியல் படிப்பின் எட்டாம் விதி இது. கேரளத்து நெய்யாற்றின்கரை மையத்தின் பொறுப்பாளருக்கு விதி என்றால் சுவரில் தொங்கும் போன வருடக் காலண்டர். அவள் எங்கள் திருச்சபைப் பெண்தான். ஊக்கம் பற்றிய என் ஒப்படைப்பை மறுபடியும் திருப்பித் தந்தாள். அது ஏற்கப்படாவிட்டால் தேர்வு எழுத முடியாது.

"அங்கிளே, மலையாளத்தில எழுதிக் கொண்டாருங்க. இங்க தமிழ் வாசிக்க ஆளில்ல."

"ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில தமிழ்ப் பாட்டுதானே பாடுற? பாட்டுக்குத் தமிழ் உண்டு, பேப்பருக்கு இல்லியாக்கும்?"

பையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். தமிழ்ப் பாட்டுகள், அத்தனையும் மலையாள எழுத்தில்.

"பேசுவேன், பாடுவேன். எழுத்து தெரியாது. நீங்களே வாசியுங்க, கேட்டு மார்க்கு போடுறேன்."

'ஊக்கம் அறவே இல்லாத ஓர் அலுவலர்' என்று நான் அதில் எடுத்துக்காட்டாக எழுதியிருந்தது அவளைத்தான். வேறு வழியில்லை, வாசித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அது யாரென்று புரிந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, கடைசி வரி வரை கேட்டாள்.

"எழுத்து கொள்ளாம், நல்லாருக்கு அங்கிளே. அந்த அலுவலர் யாருன்னுதான் தெரியல்ல" என்று நல்ல மார்க்கே போட்டு முத்திரை குத்தினாள்.

அவள் செய்தது எந்த விதியிலும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. என்னைப் படிக்க வைத்ததே கோபம்தான் என்று அன்றுதான் புரிந்தது. எட்டாம் விதியைக் காட்டி அவள்மேல் தலைமையகத்துக்கு நான் அனுப்பியிருந்த புகாருக்கு, 'ஆவன செய்யப்படும்' என்ற பதில் வந்தது, நான் தேர்வில் தேறிய செய்தி வந்த மறுநாள்.